கடை யார் பேரில்?

என் சித்தப்பா அபுதாபி முசஃபாவில் பதினெட்டு வருஷம் பலசரக்குக் கடை நடத்தினார். அங்கே அதற்கு 'பக்காலா' என்று பெயர். அரிசி, குபூஸ், தயிர், டெலிபோன் கார்டு, ராத்திரி பதினோரு மணிக்கு லேபர் கேம்பிலிருந்து ஓடி வருகிறவனுக்கு ஒரு சோப்புக் கட்டி. எல்லாம் அவர் வாங்கிப் போட்ட சரக்கு. கடைக்குப் போட்ட முதல், சித்தியின் இருபத்திரண்டு பவுனும், களியக்காவிளையில் இருந்த பதினோரு சென்ட் விளையும். ஆனால் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த லைசென்சில் ஓர் அரபியின் பெயர்தான் இருந்தது. சித்தப்பாவின் விசாவில் தொழில் என்ற இடத்தில் 'சேல்ஸ்மேன்' என்று அடித்திருந்தார்கள். சொந்தக் கடையில் அவர் சம்பளக்காரர். அந்தக் கடையில் அவர் பெயர் எழுதியிருந்த ஒரே இடம், கடன் வாங்குகிறவர்கள் சட்டைப் பையில் வைத்திருந்த பற்றுப் புத்தகத்தின் அட்டை.

லைசென்ஸ்காரரான அந்த அரபியை 'அரபாப்' என்றுதான் சொல்வார்கள். நல்ல மனிதர். வருஷத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொள்வார், கையெழுத்துப் போடுவார், பெருநாளுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்புவார். பதினாறு வருஷம் ஒரு பேச்சு மாறியதில்லை. பிறகு அவர் இறந்துபோனார். லைசென்ஸ் பிள்ளைகளிடம் போனது. மூத்தவன் மூன்று மடங்கு கேட்டான். கேட்டதைக் கொடுத்து இரண்டு வருஷம் தள்ளினார் சித்தப்பா. 2012 இறுதிக்குள் அபுதாபியின் பக்காலாக்கள் எல்லாம் புதிய வடிவத்துக்கு மாற வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரே மாதிரி அலமாரி, ஒரே மாதிரி பெயர்ப்பலகை, புது ஃபிரிட்ஜ், பில் போடும் மெஷின். செலவைக் கணக்குப் பார்த்தார். அவ்வளவு பணத்தைத் தன் பேரில் இல்லாத ஒரு கடைக்குள் இன்னொரு தடவை இறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அலமாரிகளை ஒரு பாகிஸ்தானிக்கு விற்றுவிட்டு, திருவனந்தபுரத்துக்கு விமானம் ஏறினார்.

வெளிநாட்டில் தொழில் தொடங்குவது பற்றிப் பேசும்போது முதல் எவ்வளவு, லாபம் எவ்வளவு, எந்தத் தொழிலுக்கு மவுசு என்றுதான் கேட்கிறோம். எத்தனையோ குடும்பங்களைப் பார்த்த பிறகு, அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு என்று எனக்குப் படுகிறது: கடை யார் பேரில்?

இந்தக் கேள்வியைக் கேட்கத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. நாகர்கோவில், மார்த்தாண்டம், தென்காசிப் பக்கத்துக்காரர்களில் வளைகுடாவுக்குப் போன பெரும்பாலோர் ஏறியது இந்த ஊர் விமானநிலையத்தில்தான். நான்கு பெருநகரங்களுக்கு வெளியே நாட்டிலேயே முதன்முதலில், 1991-ல், சர்வதேச விமானநிலையமானது இது. இங்கிருந்து கிளம்பியவர்களைக் கணக்கெடுக்கும் வேலையும் இந்த ஊரில்தான் நடக்கிறது. உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம் 1998-ல் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் நடத்தப்படுகிறது. எஸ். இருதயராஜன் தலைமையில் நடந்த 2023 ஆய்வின்படி, கேரளத்துக்காரர்கள் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு வருஷத்தில் அனுப்பிய பணம் 2,16,893 கோடி ரூபாய். பெரும்பகுதி சம்பளப் பணம். ஆனால் அந்தச் சம்பளக்காரர்களில் எத்தனை பேர் என் சித்தப்பாவைப் போல விசாவில் மட்டும் சேல்ஸ்மேன்கள் என்பதை எந்தப் படிவமும் கேட்காது. கேட்டாலும் சொல்லமாட்டார்கள். சொன்னால் குற்றம்.

அந்த ஏற்பாடு இயங்கிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன். அமீரகத்தில் நகருக்குள் கடை போட வேண்டுமானால் பங்கில் 51 சதவீதம் அந்நாட்டுக் குடிமகன் பேரில் இருக்க வேண்டும் என்பது பல்லாண்டு காலம் சட்டமாக இருந்தது. 1985-ல் ஜெபல் அலியில் தொடங்கிய 'ஃப்ரீ சோன்' போன்ற இடங்களில் முழுப் பங்கும் வெளிநாட்டவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வேலிக்கு வெளியே, தெருவில் இறங்கி ஒரு டீக்கடை போட முடியாது. டீக்கடையும் பக்காலாவும் சலூனும் தையல் கடையும் தெருவில்தானே இருக்க முடியும்? அதனால் நம்மவர்கள் ஓர் அரபியைப் பிடித்தார்கள். லைசென்ஸ் அவர் பேரில், சில சமயம் வங்கிக் கணக்கும் அவர் பேரில். 'உண்மையில் கடை இன்னாருடையது' என்று தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பெட்டிக்குள் வைப்பார்கள். தகராறு வந்து அந்தக் காகிதத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனால், சட்டத்தை ஏமாற்றினோம் என்று நாமே எழுதிக் கொடுத்த வாக்குமூலமாகத்தான் அது நிற்கும். இந்த மாதிரிப் பெயர் மறைப்புக்கு எதிராக அமீரகத்தில் 2004-லேயே சட்டம் இருந்தது.

சவுதியில் இதற்கு 'தசத்துர்' என்று பெயர், மறைத்து நடத்துவது. 2020-ல் வந்த சட்டத்தில் ஐந்து வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரியால் வரை அபராதம். வெளிப்படையாக முன்வந்து சரி செய்துகொள்கிறவர்களுக்கு 2022 பிப்ரவரி வரை அவகாசம் கொடுத்தார்கள். அதற்கு முன்பே அங்கே அடி விழுந்திருந்தது. 2016 செப்டம்பரிலிருந்து செல்போன் விற்கும், பழுது பார்க்கும் கடைகளில் சவுதிக் குடிமக்கள் மட்டுமே வேலை செய்யலாம் என்றார்கள். ஸ்க்ரூடிரைவரும் சால்டரிங் கம்பியுமாக ஓர் ஆள் உட்காரும் கண்ணாடிப் பெட்டிக்குள் பிழைத்துக்கொண்டிருந்த நம் பையன்கள், சில மாதங்களில் சாமானை மூட்டை கட்டினார்கள். 2018 செப்டம்பரில் தொடங்கித் துணி, பாத்திரம், கண்ணாடி, வண்டி உதிரிபாகம், இனிப்பு என்று பன்னிரண்டு வகைக் கடைகளில் படிப்படியாக 70 சதவீதம் உள்ளூர் ஆட்கள் என்று ஆனது. அந்நாட்டு இளைஞர்களுக்கு வேலை வேண்டும் என்று அந்த அரசு நினைப்பதில் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் கடையை எழுப்பியவன் ஒரு மனுவில் தன்னை உரிமையாளன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாமல் வெளியேறினானே, அதுதான் மனதை அறுக்கிறது.

இதுவும் ஒரு வெளிநாடாக இருந்தது

இதே திருவனந்தபுரத்தில், கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கம்போளத்தில் காலை ஆறு மணிக்கு நடந்து பாருங்கள். வாழைத்தார் இறக்குகிறவர் தமிழில் ஏசுவார். வெங்காய மண்டியில் விலை தமிழில் போகும். பூக்கடை, பித்தளைப் பாத்திரக் கடை, மஞ்சள் குங்குமக் கடை, அப்பளக் கடை என்று முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குத் தாத்தாவின் ஊர் திருநெல்வேலிச் சீமை. தாத்தா வந்த காலத்தில் அவர் வந்தது திருவிதாங்கூர் என்ற இன்னொரு ராஜ்யத்துக்கு.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், பத்மநாபபுரத்திலிருந்து தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறிய காலத்தில், திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த கடைத்தெரு இது. அவர் பிறந்த ஊர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. சிறுவயதில் ஒரு மரைக்காயர் கடையில் கணக்கு எழுதியவர் என்பார்கள். தலைநகரம் என்றால் அரண்மனையும் கோயிலும் மட்டும் போதாது, கடைக்காரனும் வேண்டும் என்று ஒரு கடைப்பையனுக்குத் தெரிந்திருந்தது. எங்கெங்கிருந்தோ வியாபாரிகள் வந்தார்கள். சரக்குக்குச் சுங்கம் கட்டினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் 1865-ல் வணிக உடன்படிக்கை செய்த பிறகுதான் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. அதன் பிறகும் காசு வேறு, தபால் வேறு, ஆண்டுக்கணக்கு வேறு. அந்தப் பக்கத்து ஒரு ரூபாயைக் கொடுத்தால் இந்தப் பக்கம் இருபத்தெட்டரைச் சக்கரம். கல்லாவில் இரண்டு நாட்டுக் காசைப் பிரித்து வைத்து, மனக்கணக்காகவே மாற்றிக்கொண்டு வியாபாரம் செய்தார்கள். திர்ஹத்தையும் ரூபாயையும் மனதுக்குள் பெருக்கி வகுத்துக்கொண்டே இருந்த சித்தப்பாவை எனக்கு இந்த இடத்தில் நினைவு வரும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். சாலைத் தமிழன் தன் பேரில் கடை போட்டான். தன் பேரில் சீட்டு எழுதினான், தன் பேரில் வரி கட்டினான். கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஆரியசாலைப் பக்கம் வீடு வாங்கிப் பிள்ளைகளை மலையாளப் பள்ளிக்கு அனுப்பினான். 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்தபோதும், 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு போனபோதும், அவன் கடை அவன் பேரில் அங்கேயே இருந்தது. மொழிச் சண்டையும் எல்லைச் சண்டையும் இந்த ஊரில் சூடாகவே நடந்தன. இருந்தும் ஷட்டர் மறுநாள் திறந்தது.

அப்படி வேர் பிடித்ததால்தான் இந்தத் தெருவுக்கு ஓர் எழுத்தாளனும் கிடைத்தான். ஆ. மாதவன் (1934-2021) இந்த ஊரில் பிறந்த தமிழர். சாலைத் தெருவில் சொந்தமாகக் கடை நடத்திக்கொண்டே கதை எழுதினார். சுமை தூக்குகிறவர்களும் தரகர்களும் தெருவில் படுத்துறங்குகிறவர்களும் நடமாடும் அவருடைய தொகுப்புக்குப் பெயரே 'கடைத்தெருக் கதைகள்'. 2015-ல் சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது. வளைகுடாவின் பக்காலாக்களில் நம்மவர்கள் அரை நூற்றாண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தெருக்களின் கதையை உள்ளேயிருந்து எழுத ஒரு கடைக்காரன் ஏன் வரவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எப்போது கிளம்பச் சொல்வார்களோ என்று இருக்கிறவன், தெருவைத் தன்னுடையதாக எண்ணி எழுதுவது கடினம் என்றுதான் தோன்றுகிறது.

இந்த ஊருக்கு வந்து தொழில் செய்தவர்களில் வெள்ளைக்காரர் ஒருவரும் உண்டு. 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த லாரி பேக்கர். 1945-ல் தொழுநோயாளிகளுக்கான கட்டடங்களைப் பார்க்க இந்தியா வந்தவர், எலிசபெத் என்ற மலையாள டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு, இமயமலை அடிவாரத்தில் பதினாறு வருஷம் இருந்துவிட்டு, 1970 வாக்கில் நாலாஞ்சிறையில் குடியேறினார். கட்டடக் கலைஞர் என்று பெரிய ஆபீஸ் போடவில்லை. பழைய கவர்களின் பின்புறத்தில் வரைபடம் போடுவார். கொத்தனாரோடு சாரத்தில் நிற்பார். செங்கல்லைக் குத்துவாக்கில் வைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் முறையால் சுவருக்குக் கால்பங்கு செங்கல் மிச்சம் செய்து காட்டினார். சுண்ணாம்புப் பூச்சு இல்லாத சிவந்த சுவர்களோடு வீடுகள் நகரமெங்கும் எழுந்தன. தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை ஓரமாகவே பெஞ்சும் மேஜையும் கட்டிய இந்தியன் காபி ஹவுஸைத் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். விமானம் பிடிக்கப் போகிற நம் ஆட்களில் பலர் கடைசியாக ஒரு காபி குடிப்பது அங்கேதான். இந்தியக் குடியுரிமை அவருக்குக் கிடைத்தது 1980-களின் இறுதியில். அதற்குள் அவர் இங்கே பாதி ஊரைக் கட்டியிருந்தார் என்று சொன்னால் மிகை, ஆனால் கொஞ்சம்தான் மிகை. வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களும் அவர் கட்டியவையே. வெளிநாடு போனவர்களைக் கணக்கெடுக்கத் தொடங்கிய இடம், ஒரு வெளிநாட்டுக்காரர் கட்டிய சுவர்களுக்குள் இருக்கிறது. 2007 ஏப்ரல் 1-ல் இதே ஊரில் இறந்தார்.

சாலைத் தமிழனையும் பேக்கரையும் சொன்னதால், நம் நாடு எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். சுற்றுலா விசாவில் கோவளத்துக்கும் வர்க்கலைக்கும் வருகிற வெளிநாட்டவர் இங்கே ஒரு பெட்டிக்கடை நடத்தினாலும் விசா விதியை மீறியவர்தான். பலசரக்குக் கடை போலப் பல கம்பெனிப் பொருள்களை விற்கும் சில்லறை வணிகத்தில் வெளிநாட்டு முதலீட்டுக்கு 2012-ல் நாம் வைத்த உச்சவரம்பு 51 சதவீதம். அதற்கும் குறைந்தது 10 கோடி டாலர் கொண்டுவர வேண்டும், மாநில அரசு சம்மதிக்க வேண்டும். சித்தப்பா அபுதாபியில் வைத்திருந்த மாதிரி ஒரு கடையை ஓர் அபுதாபிக்காரர் இந்த ஊர்க் கரமனையில் தன் முழுப் பேரில் போட முடியாது. நம் சிறுகடைக்காரர்களைக் காப்பாற்றவே இந்த வேலி என்று நான் இதை ஆதரிக்கிறவன். அதே நியாயம் அந்த நாட்டுக்காரனுக்கும் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

2021-க்குப் பிறகு

2021 ஜூன் 1 முதல் அமீரகத்தில் அந்த 51 சதவீதக் கட்டாயம் பெரும்பாலான தொழில்களுக்குப் போய்விட்டது. நகருக்குள்ளேயே முழுப் பங்கையும் வெளிநாட்டவர் வைத்துக்கொள்ளலாம். ஓமன் அதற்கு முன்பே, 2020 தொடக்கத்தில், இந்த வழியில் இறங்கிவிட்டது. பல்லாண்டு காலமாக மாறாதது எண்ணெய் விலைச் சரிவிலும் போட்டியிலும் மாறியது. முதலீடு வர வேண்டுமென்றால் முதலாளிக்குப் பெயர் வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்தது.

பெயர் கிடைத்ததும் பொறுப்பும் கூடவே வந்தது. ஐந்து சதவீத வாட் வரி 2018-லேயே வந்திருந்தது. 2023 ஜூனிலிருந்து, மூன்றே முக்கால் லட்சம் திர்ஹத்துக்கு மேல் லாபம் வந்தால் ஒன்பது சதவீதக் கம்பெனி வரி. பற்றுப் புத்தகத்தில் கணக்கு வைத்துப் பழகியவர்கள் இப்போது கணக்காளரைத் தேடுகிறார்கள். முதலாளி இல்லாமல் தனியாக வேலை செய்கிறவர்களுக்கென்று 2022-ல் 'கிரீன் விசா' கொண்டுவந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பட்டமோ சிறப்பு டிப்ளமோவோ வேண்டும், முந்தைய இரண்டு வருஷங்களிலும் சுயதொழில் வருமானம் ஆண்டுக்கு 3,60,000 திர்ஹமாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டெக்னோபார்க்கில் புரோகிராம் எழுதிப் பழகியவருக்கு அது எட்டலாம். பாறசாலைக் கொத்தனாருக்கும் பாலராமபுரம் தையல்காரருக்கும் எட்டாது. முதலில் போய் அந்த நாடுகளைக் கட்டியவர்கள் அவர்கள்தான்.

திருச்சூர் மாவட்டம் நாட்டிகையிலிருந்து 1973-ல் மாமாவின் கடைக்கு வேலைக்குப் போன எம்.ஏ. யூசுஃப் அலியின் கதையை எல்லோரும் உதாரணம் சொல்வார்கள். அவருடைய லூலூ மால் 2021 டிசம்பரில் ஆக்குளத்தில் திறந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. நானும் போனேன், பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவரைப் பார்த்துப் பையன்கள் கிளம்பும்போது நான் சித்தப்பாவின் கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். லைசென்சில், வங்கிக் கணக்கில், வாடகை ஒப்பந்தத்தில், மூன்றிலும் உன் பெயர் இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறேன். அரபியில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் காசு கொடுத்தாவது படிக்கச் சொல்கிறேன். உன் சார்பில் கையெழுத்துப் போட யாருக்காவது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால், அதை எப்போது ரத்து செய்யலாம் என்று தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

திரும்பி வந்தவர்களின் கதை தனி. கேரள அரசு 1996-லேயே வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கென்று 'நோர்க்கா' என்ற துறை வைத்தது. தைக்காட்டில் இருக்கும் நோர்க்கா அலுவலகத்தில், இரண்டு வருஷமாவது வெளிநாட்டில் இருந்து திரும்பியவர் தொழில் தொடங்க 30 லட்சம் ரூபாய் வரையான திட்டத்துக்கு வங்கிக் கடன் ஏற்பாடு செய்கிறார்கள். முதலீட்டில் 15 சதவீதம், அதிகபட்சம் மூன்று லட்சம், மானியம். ஒழுங்காகக் கட்டினால் நான்கு வருஷம் வட்டியில் மூன்று சதவீதம் குறையும். நல்ல திட்டம். அந்தப் பணத்தில் எழும்பிய பேக்கரிகளும் ஒர்க்‌ஷாப்புகளும் கோழிப்பண்ணைகளும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. சித்தப்பா அங்கே போனார். ஆதார் அட்டையைப் பார்த்தார்கள். களியக்காவிளை, தமிழ்நாடு. அவர்கள் தப்பில்லை, விதி கேரளத்தவருக்கு. அதே விமானத்தில், பக்கத்து இருக்கையில் வந்த பாறசாலைக்காரருக்குக் கிடைத்தது, சில கிலோமீட்டர் தள்ளி இருந்த இவருக்குக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டிலும் இப்போது அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது, ஜனவரி 12-ல் விழா எடுக்கிறார்கள். குமரியிலும் தென்காசியிலும் ராமநாதபுரத்திலும் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு, நோர்க்காவைப் போலக் கதவு தட்டினால் திறக்கிற ஒரு தொழில் கடன் மேஜையும் அவசரமாக வேண்டும். விழா மேடையில் பேசுகிறவர்கள் இதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சித்தப்பா கடைசியில் சித்தியின் மிச்ச நகையை வைத்துக் கரமனையில் ஒரு சின்ன மளிகைக் கடை போட்டார். மாநகராட்சி லைசென்ஸ் வந்த அன்று அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். இப்போதும் அங்கே இருக்கிறது.

அவர் பையன், என் தம்பி முறை, ஷார்ஜாவில் ஏழு வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவன். போன வருஷம் இரண்டு ஆளை வைத்துக்கொண்டு தானே தொழில் தொடங்கினான். லைசென்ஸ் கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நான் கடையில் இருந்தபோதுதான் வந்தது. சித்தப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இரண்டு விரலால் பெரிதாக்கி, அரபிப் பக்கம் முழுக்க மெதுவாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு இங்கிலீஷ் பக்கம். உரிமையாளர் என்ற கட்டத்தில் பையன் பெயர், அதற்கு நேரே இந்தியா, அதற்கு நேரே 100. கீழே வரிசை காலியாக இருந்தது.

"மக்களே, கண்ணு சரியா தெரியல்ல" என்று போனை என்னிடம் நீட்டினார். "இதுல அரபாப் பேரு எங்கயாக்கும் போட்டிருக்கு?"

"அப்படி ஒரு பேரே இல்லை சித்தப்பா."

போனைத் திரும்ப வாங்கி, முதல் வரியிலிருந்து மறுபடியும் பார்க்க ஆரம்பித்தார்.